மாதிரிக்கு இருபது முழம்

சல்லி, திருகோணமலை
4.1.1942

அன்பான தம்பி பாக்கியரத்தினத்துக்கு அக்கா பூரணி எழுதிக்கொள்வது.

சல்லி அம்மன் காவலில் நானும் உன் அத்தானும் பிள்ளை தங்கேஸ்வரியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கொழும்புத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

இந்த வருடம் மாரி விட்டபாடில்லை. வலை கரையில் இருக்கிற வாடிக் கொட்டிலுக்குள் சுருண்டு கிடக்கிறது, உன் அத்தானும் அப்படித்தான். காலையில் எழும்பிக் கடலுக்கு ஒரு ஏச்சு, பின்னேரம் ஒரு ஏச்சு. கடலும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. சீனன்குடாப் பக்கம் இராணுவ லொறிகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், சண்டை நாளைக்கே வந்துவிடும் போல இருக்கிறது.

ஒரு நல்ல காரியம் வீடு தேடி வந்திருக்கிறது. என்னவென்று எழுதமாட்டேன். கைக்கு வரும் முன் வாயால் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் புஷ்பவதிக்குக்கூட நான் மூச்சு விடவில்லை. நீயும் உன் பங்கைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறாய். கள்ளன் நீ. எனக்குத் தெரியும் என்று மட்டும் நீ தெரிந்துகொள், போதும்.

அத்தான் உன்னைச் சுகம் கேட்டார்.

அக்கா
பூரணி

~

புதுக்கடை, கொழும்பு
27.1.1942

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தடிமன் ஒன்றைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. அத்தானையும் பிள்ளையையும் மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நான் என்ன பங்கு செய்தேன்? நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாவூறு, கண்ணூறு என்று சொல்லி என்னையும் இருட்டில் வைத்திருக்கிறீர்கள். பிரக்கிராசியார் கந்தோரில் வழக்குப் பத்திரங்கள் எழுதுகிற எனக்கு ஒரு விஷயம் தெரியும், அக்கா. நல்ல காரியம் என்றால் நாலு பேருக்குத் தெரிந்து நடக்கவேண்டும். ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லிக்கொண்டு வருகிறவனைத்தான் நாங்கள் இங்கே தினமும் வழக்கில் பார்க்கிறோம்.

இத்துடன் ஒரு சேலை அனுப்புகிறேன். கந்தோர் விட்ட பிறகு ஒரு முதலாளிக்கு இங்கிலிஷில் கொஞ்சம் பிரதி எழுதிக் கொடுத்தேன், அந்தக் காசில் வாங்கியது. நிறம் பிடிக்காவிட்டால் பிள்ளைக்கு வையுங்கள். வருகிற ஆனியில் எனக்கு வேலை நிரந்தரமாகும் என்று பிரக்கிராசியார் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு இப்படிப் பிச்சைக் காசுக்கு எழுதத் தேவையில்லை.

உங்கள் தம்பி
பாக்கியரத்தினம்

~

சல்லி
22.2.1942

அன்புத் தம்பிக்கு,

சேலை வந்து சேர்ந்தது. நல்ல நிறம். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, கந்தோரில் கொடுக்கிற தேத்தண்ணியை நம்பியிராதே. இங்கே எங்களுக்குக் காய்ச்சல் இல்லை, அதுவே பெரிய சுகம்.

இனி மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். மார்கழியில் வீரசிங்கம் என்று ஒரு ஐயா வந்தார். காற்சட்டை, தொப்பி, மரியாதையான கதை. நேவிக்குப் பீரங்கிக் குழிகளையும் லொறிகளையும் மேலே இருந்து பார்த்தால் தெரியாமல் மூடுகிற வலை வேண்டுமாம். அந்த ஓடர் முழுவதும் அவர் கையிலாம். "அக்கா, உங்கட வீட்டு முடிச்சைப் போல இறுக்கம் நான் வேற இடத்திலை காணேல்லை. முதல்ல மாதிரிக்கு ஒரு துண்டு முடிஞ்சு தாங்கோ. இருபது முழம் நீளம், இருபது முழம் அகலம். துரைமாருக்குப் பிடிச்சால் வருசம் முழுக்க உங்களுக்குத்தான் வேலை. ஆனா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, எல்லாரும் ஓடி வருவினம்" என்றார்.

நூலுக்கு எங்கே போவது? சண்டை தொடங்கிய நாளிலிருந்து கடையில் ஒரு பந்து சணல் நூல் இல்லை. மாசி பிறக்கும் முன் நேவிக் களஞ்சியத்திலிருந்து புது நூல் மூட்டையாக வரும் என்றார். கரைவலையின் மடியை அறுத்தோம், தம்பி. மீன் வந்து சேருகிற இடமே அதுதான், அது இல்லாவிட்டால் மிச்ச வலை வெறும் கயிறு. உன் அத்தான் கத்தியை எடுத்து இரண்டு முறை கீழே வைத்தார். நான்தான் அறுக்கச் சொன்னேன். மூன்று கிழமை நானும் அவரும் பிள்ளையும் குந்தியிருந்து முடிந்தோம். விரல் இன்னும் நிமிரவில்லை.

வலையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. மாசி பிறந்துவிட்டது. கடல் தகடு போலக் கிடக்கிறது, மற்றக் கரைகளில் வலை வளைக்கிறார்கள். எங்களிடம் மடி இல்லை. நீ அங்கே ஒருக்கால் விசாரித்துப் பார். உனக்கு அவரைத் தெரியாமலா இருக்கும்.

பூரணி அக்கா

~

புதுக்கடை
6.3.1942

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம்தானே? நான் சுகம், ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு சோறு இறங்கவில்லை.

வீரசிங்கம் என்று ஒருவரையும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று உங்களுக்கு யார் சொன்னது? மாதிரி என்றால் ஒரு சாண் துண்டு, அக்கா. மிஞ்சினால் ஒரு முழம். இருபது முழம் கேட்டால் அது மாதிரி இல்லை, சரக்கு. கொழும்பிலும் இதே சூது நடக்கிறது. தையற்காரரிடம் மாதிரிச் சட்டை, தச்சரிடம் மாதிரிக் கதிரை என்று வீட்டுக்கு வீடு வாங்கி, ஒன்றும் சரியில்லை என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். ஓடரே அந்த மாதிரிகள்தான்.

அவன் ஏதாவது கடதாசியில் கைநாட்டு வாங்கினானா? வாங்கியிருந்தால் என்ன மொழியில்? இங்கிலிஷ் என்றால், தபாற்கந்தோரில் இருக்கிற ஒருவரிடம் காட்டி வாசிப்பிக்காமல் அத்தான் எப்படிக் கைநாட்டு வைத்தார்? கோபிக்காதீர்கள். படித்தவன் தம்பியாக இருந்தும் ஒரு வரி கேட்காமல் விட்டீர்களே என்ற ஆத்திரம். கடதாசி இருந்தால் உடனே அனுப்புங்கள்.

தம்பி
பாக்கியரத்தினம்

~

சல்லி
30.3.1942

தம்பிக்கு,

பிள்ளை சுகம். நான் சுகம். அத்தானைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

மடி இல்லாமல் கரையில் நின்று மற்றவர் வலை இழுப்பதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. சீனன்குடாவில் மண் சுமக்க ஆள் எடுத்தார்கள், போனார். ஆறாம் நாள் ஒரு பீரங்கிக் குழிக்குப் பக்கத்தில் வேலை. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே எங்கள் வலை. உன் அத்தான் இடக்கைக்காரர், அவருடைய முடிச்சு மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கம் விழும். தன் கையைத் தனக்குத் தெரியாதா? அதோடு சேர்த்து இன்னொரு துண்டு, இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தது. அது புஷ்பவதி வீட்டுக் கை. அதற்கப்பால் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. ஒரே வலைக்குள் அரைவாசி ஊர் தொங்குகிறது.

அன்றைக்குப் பின்னேரம் வீடு வீடாகப் போய்க் கேட்டார். சல்லியிலும் நிலாவெளியிலுமாகப் பதினெட்டு வீடு. பதினெட்டு வீட்டிலும் வலையை அறுத்து மாதிரி முடிந்து கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வீடும் நாவூறுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. வேலி ஓரம் நின்று நாளுக்கு நாலு முறை கதைக்கிற சனம், இதை மட்டும் கதைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தை மாதம் புஷ்பவதி வேலிக்கு வந்து, "அக்கா, வீரசிங்கம் எண்டு ஒராள் வந்தவரோ? நம்பலாமோ?" என்று கேட்டாள். "நான் அப்பிடி ஒராளைக் காணேல்லையடி" என்றேன். அவளுக்கும் ஓடர் போனால் எனக்குக் குறையும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை. நான் ஓம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் இருந்து யோசித்திருப்போம். அவள் அடுத்த நாளே வலையை அறுத்திருக்கிறாள்.

வீடு வீடாகக் கேட்ட மறுநாள் உன் அத்தான் வேலைக்குப் போய், துரை ஒருவருக்குக் காட்டுவதற்காக வலையின் ஒரு மூலையை அவிழ்த்திருக்கிறார். காவலாள் பிடித்துவிட்டான். அரசாங்கப் பொருளைக் களவெடுக்கப் பார்த்தார் என்று வழக்கு. பட்டணத்துச் சிறையில், மறியலில் வைத்திருக்கிறார்கள்.

கடதாசி ஒன்று இருக்கிறது. இங்கிலிஷ்தான். தேடி எடுத்து அனுப்புகிறேன்.

பூரணி

~

புதுக்கடை
3.4.1942

அன்பான அக்கா,

நீங்களும் பிள்ளையும் தைரியமாக இருக்கவேண்டும்.

தேடி எடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருக்கிறதே ஒரு பெட்டி, அதில் என்ன தேடுவது? பெயர் சொல்லாமல் பிரக்கிராசியாரிடம் கேட்டுப் பார்த்தேன். அப்படியானவர்கள் கடதாசியில் 'முழு விலையும் பெற்று விற்றேன்' என்றுதான் எழுதி வைப்பார்களாம். விற்ற பொருளில் கைவைத்தால் களவு என்று நீதவான் சொல்லுவார். அதை உடைக்க ஒரே வழிதான் இருக்கிறது. அந்தப் பத்திரத்தை எழுதினவனைத் தேடிப் பிடிக்கவேண்டும். வலையைக் கண்ணால் காணும் முன்பே, ஆள் பெயருக்கும் பொருளுக்கும் இடம் விட்டு மொத்தமாக எழுதிக் கொடுத்தேன் என்று அவன் வந்து சொன்னால், விற்பனை பொய் என்று ஆகிவிடும். அத்தான் அன்றைக்கே வெளியில்.

எழுதினவன் யாராக இருந்தாலும் அவன் அந்த வீரசிங்கத்தைவிடக் கேடுகெட்டவன். படித்தவன், என்ன எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதியவன். எழுத்தை எனக்குக் காட்டுங்கள். இந்தப் புதுக்கடையில் எழுதுகிற கைகளில் பாதி எனக்குத் தெரியும். கண்டுபிடித்துக் கழுத்தில் கைவைத்துக் கூட்டி வருகிறேன்.

உங்கள்
பாக்கியரத்தினம்

~

கிளிவெட்டி
20.4.1942

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். கொழும்பிலும் குண்டு விழுந்தது என்று கேள்வி. நீ உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி காலையில் இங்கே ஜப்பான்காரன் வந்தான். எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்த புகையில் வெயிலே இல்லாமல் போனது. ஊர் கலைந்துவிட்டது. நானும் பிள்ளையும் நடந்தும் வண்டியிலுமாகக் கிளிவெட்டிக்கு வந்து, அத்தானுடைய பெரியம்மா மகன் வீட்டில் இருக்கிறோம். நெல்லு வீட்டில் மீன்காரிக்கு என்ன வேலை? குத்துகிறேன், புடைக்கிறேன். அத்தானுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறியலில் அப்படியே இருக்கிறார்.

அந்தப் பீரங்கிக் குழி வலையோடு எரிந்துவிட்டது. முடிச்சைக் காட்டி இது எங்கள் கை என்று சொல்ல இனி ஒரு நூல்கூட இல்லை. மிச்சம் இருப்பது கடதாசி மட்டும்தான்.

அதை நான் தேடவேண்டியிருக்கவில்லை. முதல் நாளிலிருந்து என் இடுப்பில்தான் இருந்தது. அனுப்பாமல் விட்டது உனக்காக. எழுதினவனைத் தேட வேண்டாம், தம்பி. அது நீ.

எனக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் ஏழு வருடமாக நீ அனுப்புகிற ஒவ்வொரு கடித உறையிலும் எங்கள் விலாசத்தை இங்கிலிஷில்தானே எழுதுகிறாய். அந்த வளைவையும் இழுப்பையும் ஆயிரம் எழுத்துக்குள்ளும் நான் கண்டுபிடிப்பேன். வீரசிங்கம் கடதாசியை விரித்தவுடன் உன் கையைக் கண்டேன். அத்தான் வாசிப்பித்துப் பார்ப்போம் என்றார். "அது என்ரை தம்பியின்ரை எழுத்து. அவன் எங்களுக்குக் கேடு எழுதுவானோ? பேசாமல் கைநாட்டை வையுங்கோ" என்று சொன்னது நான். இந்த ஓடரே நீ சொல்லி வந்தது, சொந்தம் என்று வெளியில் தெரியக் கூடாது என்பதற்காக மறைக்கிறாய் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போய் இருந்தேன்.

உன்மேல் கோபம் இல்லை. தெரியாமல் எழுதியிருப்பாய். கடதாசியை இத்துடன் வைத்திருக்கிறேன். வருகிற மாதம் 27ஆம் தேதி வழக்கு. வா.

அக்கா

~

கிளிவெட்டி
14.5.1942

தம்பிக்கு,

சுகமா? என் கடிதம் கிடைத்ததா? தபாற்காரர் கொழும்புக் கடிதங்கள் ஒழுங்காக வருகின்றன என்கிறார். உன்னுடையது மட்டும் இல்லை.

கெட்ட செய்தி. புஷ்பவதியின் மனுஷன் கதிரவேல் வலை இல்லாமல், சின்னத் தோணியில் தூண்டிலோடு தனியாகப் போயிருக்கிறார். கரையோரம் நேவிக்காரர் விடுவதில்லை, அதனால் வெளிக்கடலுக்கு. கரைவலைக்காரருக்கு அந்தக் கடல் தெரியாது. தோணி மட்டும் நிலாவெளிப் பக்கம் ஒதுங்கியது. எட்டு நாளாகிறது. ஆள் இல்லை. அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

நான் சல்லிக்குப் போனேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் வேலியில் சொன்ன பொய் அவளுக்கு இன்னும் தெரியாது. அவளுடைய கண்ணீர் என் தோளில் காயும் வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. ஒரு வரி எழுது.

அக்கா

~

சல்லி
29.5.1942

தம்பிக்கு,

உன்னைச் சுகம் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். இதில் கேட்கவில்லை.

இருபத்தேழாம் தேதி காலை ரெயில் வரும் வரைக்கும் ஸ்டேசனில் நின்றேன். சிப்பாய்கள் இறங்கினார்கள். நீதவான் கோட்டுக்கு ஓடிப் போனேன்.

வீரசிங்கம் வரவில்லை. அவனுடைய பிரதி வந்திருந்தது. வீட்டுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்றுதானே எழுதினாய். நீதவான் வாசித்தார், மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார். விற்றேன், முழு விலையும் பெற்றேன், இனி எனக்கு உரித்தில்லை. உன் அத்தான் தலையை ஆட்டி, "நான் விக்கேல்லை ஐயா, மாதிரிக்குக் குடுத்தனான்" என்றார்.

"இதை எழுதினது ஆர் எண்டு தெரியுமோ?" என்று கேட்டார்கள்.

மறியலில் பார்க்கப் போனபோது அவருக்கு நான் எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நீ நிற்கிறாயா என்று பார்த்தார். பிறகு, "தெரியாது ஐயா" என்றார்.

"அப்ப வலையை அவிழ்த்தது?"

"நான்தான்."

"களவெடுக்கவோ?"

"ஓம் ஐயா. களவெண்டே எழுதுங்கோ" என்றார்.

மூன்று மாதம் கடூழியம். தன் கையால் முடிந்த வலையைத் தானே களவெடுத்தார் என்று தீர்ப்பு. கொண்டு போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பெடியனைப் பேசாதை. ஆனியிலை வேலை நிரந்தரமாகும் எண்டவன் எல்லே."

பூரணி

~

புதுக்கடை
9.6.1942

அக்கா,

நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உங்கள் கடிதங்கள் மூன்றும் கிடைத்தன. கடதாசியைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவன் என்னிடம் அருளம்பலம் முதலாளி என்ற பெயரில் வந்தான். எந்தப் பொருள் என்று அதில் இல்லை, 'கீழே குறிப்பிட்ட பொருளை' என்று மட்டும். பழைய சாமான் வாங்கி விற்கிறேன், ரசீதுதான் என்றான். ஐம்பது பிரதி. ஒரு பிரதிக்கு இருபத்தைந்து சதம். வாசகம் எனக்கு விளங்காமல் இல்லை. பெயருக்கும் பொருளுக்கும் இடம் விட்டு எழுதச் சொன்னபோது இது சரியில்லை என்று மனம் சொன்னது. எங்கேயோ, யாரோ என்று நினைத்தேன். உங்களுக்கு அனுப்பின சேலை அந்தக் காசுதான்.

வரவேண்டும் என்று இரண்டு முறை பையைக் கட்டினேன். கந்தோர் வாசகத்தை வெளியில் விற்றான் என்று தெரிந்தால் வேலை போகும். அவனுக்கு உடந்தை என்று என்னையும் உள்ளே போடலாம். வேலை போனால் உங்களுக்கு யார் உதவி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பயந்துவிட்டேன், அக்கா. உண்மை அதுதான்.

ஆனி முதலாம் தேதி வேலை நிரந்தரமாகிவிட்டது. மாதா மாதம் மணியோடர் அனுப்புகிறேன். அத்தான் வந்ததும் புது மடிக்கு நூல் என் பொறுப்பு. மன்னிப்பீர்களா?

பாக்கியரத்தினம்

~

சல்லி
21.6.1942

பாக்கியரத்தினத்துக்கு,

பிள்ளை சுகம். அத்தானைக் கல்லுடைக்க விட்டிருக்கிறார்களாம், வேறு செய்தி இல்லை.

மணியோடரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை என்று முன்பு எழுதினேன். இப்போது இருக்கிறது. உனக்குச் சோறு தீத்தி வளர்த்த கையால்தான் இதை எழுதுகிறேன். மன்னிப்பைப் பற்றி அத்தான் வெளியில் வந்த பிறகு அவரிடமே கேள். அவர் தந்துவிடுவார், அவர் அப்படிப்பட்ட ஆள். என்னிடம் இப்போதைக்கு இல்லை.

நீ ஐம்பது பிரதி என்று எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டு இருந்து கணக்குப் பார்த்தேன். பதினெட்டு வீடு, வீட்டுக்கு இரண்டு, முப்பத்தாறு. மிச்சம் பதினாலு அவனுடைய பைக்குள் இருக்கிறது. பதினாலு என்றால் ஏழு வீடு. போன கிழமை மூதூர்க் கரையில் காற்சட்டை போட்ட ஒருவர் வலை முடிகிற வீடுகளைக் கேட்டுத் திரிந்ததாக அங்கேயிருந்து மீன் விற்க வந்த ஸல்ஹா சொன்னாள். அவளைக் கையோடு திருப்பி அனுப்பினேன். "வீடு வீடாய்ப் போய்ச் சொல்லடி. மாதிரிக்கு ஒரு சாணுக்கு மேலை குடுக்க வேண்டாம், இங்கிலிஷ் கடதாசியிலை கைவைக்க வேண்டாம். நாவூறு பட்டாலும் பரவாயில்லை, சத்தம் போட்டுச் சொல்லு" என்றேன். எத்தனை வீடு கேட்கும், எத்தனை வீடு கதவைச் சாத்தும் என்று தெரியாது.

அதற்குப் பிறகு புஷ்பவதி வீட்டுக்குப் போனேன். வேலியில் நின்று பொய் சொன்னதைச் சொன்னேன். கடதாசி என் தம்பியின் எழுத்து என்பதையும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. உள்ளே போய்த் தன் கடதாசியைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றப் பதினாறு வீட்டுக்கும் போனேன். ஏசினார்கள், ஒரு வீட்டில் துப்பினார்கள். ஆனால் எல்லாரும் கொடுத்தார்கள். என்னுடையது உன்னிடம் இருக்கிறது. மற்றப் பதினேழும் இப்போது என்னிடம். எல்லாரும் சேர்ந்து நீதவானிடம் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். வருகிற மாதம் 8ஆம் தேதி. எழுதினவன் வந்து சொன்னால் வீரசிங்கத்தைப் பிடிப்போம் என்று ஓர்ஸ் ஹில் பொலிஸ் கந்தோரில் ஒரு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார். நீயே எனக்கு எழுதின சட்டம்தான்.

அத்தானுக்காக வரவேண்டாம், அந்த நேரம் போய்விட்டது. எனக்காகவும் வேண்டாம். இன்னும் கைநாட்டு வைக்காத அந்த ஏழு வீட்டுக்காக வா.

வருமுன் ஒன்றைத் தெரிந்துகொள். உன் எழுத்து என்று ஊர் முழுக்க நான் சொல்லிவிட்டேன், இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஸ்டேசனுக்கு நான் வரமாட்டேன். நீ தனியாகத்தான் நடந்து வரவேண்டும். கரைநெடுக வெறுங்கையோடு இருக்கிற சனம் உன்னைப் பார்க்கும். கதிரவேலின் பிள்ளைகளும் பார்ப்பார்கள். நேராகப் புஷ்பவதி வாசலுக்குப் போய் நில். கதவு திறந்தால் சொல்லு. திறக்காவிட்டால் திறக்கும் வரைக்கும் நில்.

பூரணி